பலம் கூடிய மைக்கும் உடைந்த குரலும்: முன்பெருக்கி பொருத்திய ஒரு ஹாம் மேசை ஒலிவாங்கியின் மதிப்பாய்வு

ஹாம் வானொலிக்கென்றே, அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள் ஒருவரோடொருவர் பேசும் வானொலிக்கென்றே, விற்கப்படும் மேசை ஒலிவாங்கி ஒன்றை இணையச் சந்தையில் 3,400 ரூபாய்க்கு வாங்கி, ஆறு மாதங்களாக 40 மீட்டர் அலைவரிசையில் பயன்படுத்தி வருகிறேன். ஒரே வார்ப்பில் செய்த இந்த ஒலிவாங்கி நான்கைந்து பெயர்களில் விற்பனையாகிறது; எனவே எந்தப் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. கனத்த இரும்பு அடித்தட்டு, வளைத்தபடியே நிற்கும் கழுத்து, நுனியில் ஒலியை மின்னலையாக மாற்றும் எலெக்ட்ரெட் கேப்சூல், அடித்தட்டுக்குள் அந்த மின்னலையைப் பெருக்கும் ஒரு முன்பெருக்கி, பேசும்போது அழுத்திப் பிடிக்கும் அகலமான பிடிடி பொத்தான், எட்டு பின் வட்டக் கனெக்டரில் முடியும் சுருள் கம்பி ஆகியவை இதன் உறுப்புகள். பெட்டியின் மேல் ‘கூடுதல் பலம்’ என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த மதிப்பாய்வு முழுவதும் அந்தக் கூடுதல் பலத்தைப் பற்றியதுதான்.

கட்டுமானத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. பொத்தானை அழுத்தும்போது மேசையில் நகராத அளவுக்கு அடித்தட்டு கனமாக இருக்கிறது, கழுத்து தளரவில்லை, கனெக்டரின் திருகு வளையம் நன்றாகப் பிடிக்கிறது.

முதல் நாள் காலை 7.1 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அழைத்தபோது, பதில் அளித்த நால்வரும் எனக்கு 59, அதாவது தெளிவு 5, பலம் 9, என்றே அறிக்கை தந்தார்கள். நம் அலைவரிசைகளில் 59 என்பது பல நேரங்களில் வணக்கம் சொல்வதைப் போன்ற ஒரு மரியாதை. அது ஒலியின் தரத்தைச் சொல்வதில்லை. ஐந்தாவதாக வந்த திருநெல்வேலிப் பக்கத்து மூத்த ஹாம் ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்: “ஓஎம் (நண்பரே), சிக்னல் பலமாகத்தான் வருகிறது. ஆனால் கிழிந்த ஸ்பீக்கரில் கேட்கிற மாதிரி குரல் உடைகிறது. தப்பாக நினைக்காதீர்கள், பழைய மைக்கைப் போட்டு ஒருமுறை பேசிக் காட்டுங்கள்.” வானொலியோடு வந்த கைமைக்கை மாற்றிப் பேசினேன். “இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் சற்று மெலிவு” என்றார். அந்த ஒரு நிமிட ஒப்பீட்டுக்கு அவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேசை மைக்கை மீண்டும் மாட்டி, யாரும் செய்வதையே நானும் செய்தேன்: வானொலியின் மைக் கெயினை (மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை) 50இலிருந்து 15க்குக் குறைத்தேன். குரலின் பலம் குறைந்தது. உடைவு அப்படியே இருந்தது. இன்னும் குறைத்தபோது மெல்லிய குரலில் அதே உடைவு கேட்டது. இந்த ஓர் அறிகுறியை இதே வகை மைக் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். கெயினைக் குறைத்தும் சிதைவு குறையாவிட்டால், கெயின் குமிழுக்கு முன்பே எங்கோ ஒலி சிதைந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

பெரும்பாலான வானொலிகளில் மைக் கனெக்டருக்குள் நுழையும் ஒலி முதலில் ஒரு நிலையான பெருக்கியைக் கடந்த பிறகுதான் மைக் கெயின் கட்டுப்பாட்டை அடைகிறது. எண்முறை வானொலிகளில் அந்தக் கட்டுப்பாடு வெறும் கணக்கீடாக, மின்னழுத்தம் எண்ணாக மாறிய பிறகு நிகழ்கிறது. முதல் படியிலேயே அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுவிட்டால், பின்னால் எவ்வளவு குறைத்தாலும் வெட்டுப்பட்ட அலையின் சிறிய வடிவம்தான் கிடைக்கும். நீர்த்தொட்டிக்குள் கலங்கி வந்த தண்ணீரை, வீட்டுக் குழாயைச் சிறிதாகத் திறப்பதால் தெளிய வைக்க முடியாது அல்லவா?

அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது ஏன் நேர்கிறது என்பது தெளிவாகும். வாய்க்கு மிக அருகே மைக்கை வைத்துச் சற்று உரக்கப் பேசும்போது, அதன் மேல் விழும் ஒலியழுத்தம் ஏறத்தாழ 1 பாஸ்கல், அதாவது 94 டெசிபல், என்று வைத்துக்கொள்ளலாம். 1966இல் அறிமுகமாகி இன்றும் மேடைகளில் புழங்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் ஒலிவாங்கி இந்த அழுத்தத்தில் 2 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவே தருகிறது. சாதாரண எலெக்ட்ரெட் கேப்சூல் ஒன்று 5 முதல் 15 மில்லிவோல்ட் வரை தரும். பேச்சின் முகடுகள் அதன் சராசரியைவிட நான்கு மடங்கு வரை எளிதாக உயர்வதால், கேப்சூலிலிருந்தே 40 மில்லிவோல்ட் முகடு வருவது இயல்பு. அதன் பின்னே 20 டெசிபல், அதாவது பத்து மடங்கு, பெருக்கும் ஒரு முன்பெருக்கியை வைத்தால் வானொலியின் வாசலில் வந்து நிற்பது 400 மில்லிவோல்ட். இனி வானொலியின் பக்கம் பார்ப்போம். 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்கி, 100 மடங்கு பெருக்கும் ஒரு முதல் படி, இருபுறமும் 2 வோல்ட் வரைதான் அலையை ஏந்த முடியும் என்றால், அதன் வாசலில் 20 மில்லிவோல்ட் முகடுக்கு மேல் எது வந்தாலும் வெட்டுப்படும். அதாவது அந்தப் படி தாங்கக்கூடியதைப் போல இருபது மடங்கை நாம் அதன் மேல் கொட்டுகிறோம். இது வானொலியின் குறையன்று. சில மில்லிவோல்ட்டுக்காக வடிவமைத்த படி அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது.

என் மைக்கை, மின்னலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, அதில் பார்த்தபோது, ஆலையிலிருந்து வந்த நிலையில், 5 செ.மீ. தொலைவில் இயல்பாகப் பேசினாலே முகடு 350 மில்லிவோல்ட் வந்தது. வானொலியோடு வந்த கைமைக் அதே தொலைவில், அதே சொற்களுக்கு 12 மில்லிவோல்ட் தந்தது. இரண்டுக்கும் இடையே 29 டெசிபல் வேறுபாடு. என் வானொலியின் மானிட்டர் ஒலியில் முகடுகள் தட்டையாகத் தொடங்கியது ஏறத்தாழ 40 மில்லிவோல்ட்டில்.

இந்தப் பிழை பலரிடம் ஆண்டுக்கணக்கில் தெரியாமலேயே தொடர்வதற்கு ஏஎல்சி (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) மீட்டரும் ஒரு காரணம். ஏஎல்சி ஊசி எல்லைக்குள் இருந்தால் ஒலி சுத்தம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஏஎல்சி கண்காணிப்பது ஒலிபரப்பியின் இறுதிப் படிகள் எவ்வளவு உந்தப்படுகின்றன என்பதை மட்டுமே. மைக் கெயினை 15க்குக் குறைத்தவுடன் என் ஏஎல்சி ஊசி கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஆனால் அந்த நேரத்திலும் முதல் படியில் அலை வெட்டுப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. இன்னொன்றும் உண்டு. இறுதிப் படிகளை அளவுக்கு மீறி உந்தினால் சிக்னல் அகன்று, 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் பேசிக்கொண்டிருப்பவர் உடனே புகார் சொல்வார். முன்பெருக்கியில் நேரும் வெட்டு அப்படி வெளியே சிந்துவதில்லை. 300 ஹெர்ட்ஸ் ஒலி இருபுறமும் சமமாக வெட்டுப்பட்டால் 900, 1500, 2100 ஹெர்ட்ஸ் என்று அதன் ஒற்றைப்படை மடங்குகள் பிறக்கின்றன. எஸ்எஸ்பி (ஹாம்கள் குரலை அனுப்பும் ஒற்றைப் பக்கப்பட்டை முறை) வடிப்பான் தன் எல்லைக்கு மேற்பட்டவற்றை நீக்கிவிட்டு இவற்றை அப்படியே கடக்க விடுகிறது. ஆகவே சிதைவு முழுவதும் நம் குரலுக்குள்ளேயே தங்குகிறது. பக்கத்து அலைவெண்காரருக்குத் தொல்லை இல்லை, மீட்டரும் எச்சரிப்பதில்லை. எதிர்முனையில் உள்ளவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

அடித்தட்டின் கீழே ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் ஓர் அளவுத் திருகு இருக்கிறது. ஆலையில் அதை முழு அளவில் வைத்தே அனுப்புகிறார்கள். கூடவே வரும் ஒரு பக்கத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை இந்தப் பொருளின் முதல் பெருங்குறையாகக் கருதுகிறேன். இரண்டாவது குறை அந்தத் திருகின் தன்மை. அது நேர்கோட்டு வகை. பாதிவரை திருப்பினால் 6 டெசிபல் மட்டுமே குறைகிறது. 20 டெசிபல் குறைக்கக் கடைசிப் பத்தில் ஒரு பங்கு சுற்றுக்குள் போக வேண்டும். எனக்குத் தேவையான 29 டெசிபலுக்கு அதற்குள்ளும் ஒரு சிறு புள்ளியில் நிறுத்த வேண்டும். கை சற்று அதிர்ந்தாலே ஒன்று ஒலி அற்றுப்போகிறது, அல்லது மீண்டும் உடைகிறது. முதல் வாரம் முழுவதும் இந்தத் திருகோடு போராடினேன். காலையில் வைத்த அளவு மாலையில் இருப்பதில்லை.

எலெக்ட்ரெட் கேப்சூல் தாழ்ந்த ஒலிகளையும் நன்றாகவே பிடிக்கிறது என்பது இசைப்பதிவில் சிறப்பு. எஸ்எஸ்பியில் அது ஒரு சுமை. ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. ஒலிபரப்பாகும் பகுதியோ 300 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் தொடங்குகிறது. அந்தத் தாழ் ஒலியும், தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியின் காற்று மைக்கில் மோதி எழும் இரைச்சலும் ஒருபோதும் காற்றலையில் போவதில்லை. ஆனாலும் முன்பெருக்கி தாங்கக்கூடிய அளவில் பெரும்பகுதியை அவை விழுங்கிவிடுகின்றன. விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, அதே அளவு பேச்சில் வெட்டு கண்கூடாகக் குறைந்தது. மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு வானொலி அறையில் உட்கார முடியாது என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பி என்ற ஆங்கில எழுத்தைக் குறிக்க ‘பாப்பா’ என்று உச்சரிக்கும்போது பகரத்தோடு வரும் காற்றடி இவை எல்லாவற்றையும்விட மோசம். அந்த ஒரு சொல்லில் ஆஸிலோஸ்கோப்பின் திரை முழுவதையும் அலை கடந்து போனது. மைக்கின் நுனியில் பஞ்சு உறை எதுவும் தரப்படவில்லை. பதினைந்து ரூபாய்ப் பொருளை விட்டுவிட்டார்கள்.

நான் கண்ட தீர்வு இரண்டு மின்தடைகளும் ஒரு மின்தேக்கியும்தான். மைக்கின் ஒலிக்கம்பியில் தொடராக 3.3 கிலோ ஓம், அதற்கு அடுத்து ஒலித்தரைக்குக் குறுக்காக 1 கிலோ ஓம், அதற்குப் பின் வானொலியை நோக்கித் தொடராக 0.47 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி. 600 ஓம் மைக் வாசல் கொண்ட வானொலியில் இந்த ஏற்பாடு ஏறத்தாழ 20 டெசிபல் குறைக்கிறது. மின்தேக்கியின் பணி இரண்டு. ஐகாம் போன்ற நிறுவனங்களின் வானொலிகளில் மைக் பின்னில் எலெக்ட்ரெட்டுக்காக வரும் நேர்மின்னழுத்தம் இந்த மின்தடைகளுக்குள் பாயாமல் அது தடுக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள மின்தடைகளோடு சேர்ந்து சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைத் தணிக்கிறது. 10 மைக்ரோஃபாரட் போட்டாலும் முதல் பணி நடக்கும், ஆனால் விசிறி இரைச்சல் அப்படியே உள்ளே போகும். சிறிய மதிப்பை வேண்டுமென்றே தேர்ந்தேன். மூன்றும் அடித்தட்டுக்குள்ளேயே அடங்கின. மொத்தச் செலவு பத்து ரூபாயைத் தாண்டவில்லை.

இதன் பிறகு அளவுத் திருகை மூன்றில் ஒரு பங்கில் வைத்தபோது முகடு 12 மில்லிவோல்ட், அதாவது கைமைக்கின் அளவிலேயே நின்றது. திருகு இப்போது அதன் நடுப்பகுதியை ஒட்டி வேலை செய்வதால் சிறு அசைவு பெரிய மாற்றத்தை உண்டாக்குவதில்லை. மைக் கெயின் மீண்டும் 50க்கு வந்தது; ஏஎல்சி ஊசி முகடுகளில் மட்டும் அசைகிறது. ஆண்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை ஏற்கும் 50 ஓம் டம்மி லோடில் 10 வாட் அனுப்பி, பக்கத்து அறையில் கணினியில் செருகும் சிறு வானொலி ஏற்பியான எஸ்டிஆர் டாங்கிளில் பதிவு செய்து கேட்டேன். முன்பு ழகரமும் ளகரமும் ஒரே கரகரப்பாகக் குழம்பியிருந்த இடங்கள் இப்போது தனித்தனியாகப் பிரிந்து கேட்கின்றன. திருநெல்வேலிக்காரரை மறுபடி பிடித்துக் காட்டியபோது, “கைமைக்கைவிட இது நன்றாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். குமிழைத் தொட வேண்டிய இடம் எது, தொடக் கூடாத இடம் எது என்று தெரிந்த பிறகு இந்த மைக்கின் உண்மையான தரம் வெளிப்பட்டது. கேப்சூல் நல்ல கேப்சூல். அதன் மேல் ஏற்றிய பலம்தான் தேவையற்றது.

உடைந்த குரலுக்கு எல்லாம் மிகைச்சுமையே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒலிபரப்பின் வானலை மைக் கம்பி வழியாக முன்பெருக்கிக்குள் புகுந்தாலும் ஏறக்குறைய இதே போன்ற கரகரப்புத்தான் கேட்கும். பிரித்தறிய எளிய வழி உண்டு. ஆண்டெனாவைக் கழற்றி டம்மி லோடில் அனுப்புங்கள். ஆற்றலை 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்குக் குறையுங்கள். கரகரப்பு மறைந்தால் குற்றவாளி வானலை. மறையாமல் அப்படியே இருந்தால் ஒலி அளவு. என் மைக்கில் முதல் பரிசோதனையில் எதுவும் மாறவில்லை என்பதால்தான் மின்தடைகளின் பக்கம் போனேன். இருந்தாலும் கம்பியை ஃபெரைட் வளையம் ஒன்றில் நான்கு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறேன், ஏனெனில் அடித்தட்டு இரும்பாக இருந்தும் முன்பெருக்கிப் பலகையின் தரையோடு அது இணைக்கப்படவில்லை.

கம்பி இணைப்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். எட்டு பின் கனெக்டர் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. ஐகாமிலும் கென்வுட்டிலும் ஒலி 1ஆம் பின்னில் நுழைகிறது; யேசு (Yaesu) நிறுவன வானொலிகளில் 8ஆம் பின்னில். ஐகாமில் 8 வோல்ட் மின்சாரம் வெளிவரும் 2ஆம் பின், கென்வுட்டில் பிடிடி பின். இந்த மைக்கில் மூன்று நிறுவனங்களுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள உள்ளே ஜம்பர்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் எழுத்தோ எண்ணோ இல்லை. மல்டிமீட்டரால் ஒவ்வொரு பின்னையும் சரிபார்க்காமல் இதை எந்த வானொலியிலும் செருக வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

மைக்கில் பெருக்கி வைக்கும் வழக்கத்துக்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. 1930களில் வந்த அஸ்டாடிக் டி-104 படிக ஒலிவாங்கி, வால்வு வானொலிகளின் உயர் மின்மறுப்பு வாசலுக்காகச் செய்யப்பட்டது. டிரான்சிஸ்டர் காலத்தில் அதைத் தாழ்ந்த மின்மறுப்பு வாசல்களோடு இணைக்க அதன் அடித்தண்டில் ஒரு பெருக்கி தேவைப்பட்டது. இன்றைய எலெக்ட்ரெட் கேப்சூலுக்குள்ளேயே அந்த வேலையைச் செய்யும் டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு பெருக்கி எதற்கு என்பதற்கு விளம்பர வாசகத்தைத் தவிர வேறு விடை எனக்குக் கிடைக்கவில்லை.

நண்பர் ஒருவரின் மைக்ரோ பிட்எக்ஸ் வானொலியிலும் இந்த மைக்கை, மின்தடைகள் போடுவதற்கு முன், இணைத்துப் பார்த்தோம். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து, நம் நாட்டில் எத்தனையோ பேரை உயர் அதிர்வெண் அலைவரிசைகளுக்கு அழைத்து வந்த அந்த எளிய வானொலியில் ஏஎல்சி கிடையாது. முகப்பில் மைக் கெயின் குமிழும் கிடையாது. சிறிய எலெக்ட்ரெட் கேப்சூல் ஒன்றை நேரடியாக ஏற்பதற்காக அமைத்த ஒற்றை டிரான்சிஸ்டர் படி அதில் இருக்கிறது. தனக்குரிய கேப்சூலோடு அது அழகாகப் பேசுகிறது. எங்கள் மேசை மைக்கை மாட்டியதும் குரல் அடையாளம் தெரியாமல் போனது. இத்தகைய வானொலி வைத்திருப்போர் இந்த மைக்கை வாங்கவே வேண்டாம்.

டைனமிக் மைக்கோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பாய்வு நிறைவு பெறாது. கோயில் திருவிழா ஒலிபெருக்கிக் கடைகளில் 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டைனமிக் மைக்கை, மின்தேக்கி வழியாக அதே வானொலியில் இணைத்துப் பார்த்தேன். முகடு 8 மில்லிவோல்ட். கெயினை 65க்கு உயர்த்த வேண்டியிருந்தது. வெட்டு எந்த நேரத்திலும் நிகழவில்லை. உதட்டுக்கு மிக அருகே வைத்தால் தாழ் ஒலி மிகுந்து குரல் அடைத்தாற்போல் கேட்கிறது என்பதால் நான்கு விரல் தள்ளி வைக்க வேண்டும். உயர் ஒலிகளின் தெளிவில் மேசை மைக்கே மேல். ஆனால் திருத்தம் எதுவும் செய்யாமல் மாட்டியவுடன் பேச வேண்டும் என்பவருக்கு டைனமிக்தான் நல்லது. பிடிடிக்குத் தனியாகக் காலால் அழுத்தும் சுவிட்ச் ஒன்று வேண்டும், அவ்வளவே.

சாலிடர் இரும்பு பிடிக்கத் தெரிந்தவர், அடித்தட்டைத் திறக்கத் தயங்காதவர், 2,500 ரூபாய்க்குள் கிடைத்தால் இந்த மேசை மைக்கை வாங்கலாம். 3,400 ரூபாய் அதிகம் என்றே கருதுகிறேன். புதிதாக உரிமம் பெற்று முதல் வானொலியோடு உட்காரும் ஒருவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டியில் வந்த கைமைக்கையே அவர் ஓராண்டு பயன்படுத்தட்டும். விற்பனையாளருக்கு நான் எழுதிய மடலில் மூன்று கோரிக்கைகளை வைத்திருக்கிறேன்: அளவுத் திருகைக் குறைந்த நிலையில் வைத்து அனுப்ப வேண்டும், ஜம்பர்களுக்குப் பெயரிட வேண்டும், முன்பெருக்கியைத் தவிர்த்து கேப்சூலை நேரே இணைக்க ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். மடல் கிடைத்ததாகப் பதில் வந்திருக்கிறது. அடுத்த தொகுப்பில் மாற்றங்கள் இருந்தால், அந்த மைக்கையும் இதே ஆஸிலோஸ்கோப்பில், இதே 5 செ.மீ. தொலைவில் அளந்து பார்க்க எண்ணியிருக்கிறேன்.